பிறர் கை படாமல் கழற்றிய டயர்

என் தங்கை பாடுபட்டு ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். லாரிகள் நிற்கும் மைதானத்துக்கு எதிர்வரிசையில் மூன்றாவது கடை, அவள் பெயரில் இருக்கிறது. அந்த வரிசைக் கடைக்காரர்களின் சங்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. அவளுக்கு முன்னால் அந்தக் கூட்ட அறைக்குள் பெருக்கித் துடைப்பதற்குத் தவிர வேறு எதற்கும் ஒரு பெண் நுழைந்ததில்லை. முன்பு அவளைப் பார்த்துச் சீட்டியடித்த டிரைவர்கள் இப்போது, “அக்கா, கொஞ்சம் சீக்கிரம் பார்த்துக் குடுங்க” என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று மருத்துவர் சொன்ன தன் கணவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கவும் வைத்தாள். இதில் எதையும் யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

அவள் பள்ளிக்கூடம் போனது நான்கைந்து நாள்தான் இருக்கும். பிறவியிலேயே அவளுக்கு இடது கைப் பழக்கம். சோறு வலது கையால் சாப்பிடுவாள், அம்மா பழக்கிவிட்டாள். மற்றதெல்லாம் இடது கைதான். டீச்சர் அந்தக் கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் பெஞ்சுக் காலோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டார். இவள் பல்லால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தெருவில் அவளுக்குப் பெயர் ‘பீச்சாங்கை’. அப்படிக் கூப்பிட்டவனை அந்தக் கையாலேயே கல்லால் அடிப்பாள். குறி தப்பாது.

நான் ஐந்தாவது வரை படித்தேன். தையல் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இறந்தபின் மிஷினையும் வெட்டுமேஜையையும் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டேன். இரண்டு அறை, பின்னால் ஒரு முற்றம், முற்றத்தில் இரும்புத் தாங்கியின்மேல் தண்ணீர்த் தொட்டி. மாடியில் ஒரு நர்ஸம்மா குடியிருந்தார்.

மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கையின் கணவருக்கு, பஞ்சர் ஒட்டும் தொழில். கடைக்குச் சாப்பாடு கொண்டுபோன என் தங்கை, அவர் சாப்பிடும் நேரத்தில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்க ஆரம்பித்தாள். அப்புறம் ஓட்டையின்மேல் ரப்பர்ப் பட்டி ஒட்டினாள். அப்புறம் சைக்கிள், ஸ்கூட்டர். கார், வேன் டயர்களைக் கழற்றுவது மட்டும் மாப்பிள்ளை வேலையாக இருந்தது. ஒருநாள் ஜாக்கி நழுவி ஒரு லாரி அவர் இடுப்பில் இறங்கியது. எல்லாமே நின்றுபோனது அன்றைக்குத்தான்.

அந்த வரிசைக் கடைகள் சங்கத்துடையவை. கடைக்காரரால் ஆறு மாதம் வேலை செய்ய முடியாவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போகும். இது பழைய விதி. பக்கத்துக் கடைக்காரர் புது டயர் விற்கிறவர். நடுச்சுவரை இடித்து இரண்டு கடையையும் ஒன்றாக்க ஆசைப்பட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இடம் போதாமல் டயர்களை நடைபாதையில் அடுக்கிவைத்திருந்தார். ஆனால் ஆறாவது மாதம் முடிய இருந்தபோது, என் தங்கை புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். துணைக்கு நானும் போனேன்.

“கடைய என் பேருக்கு மாத்திக் குடுங்க. வேலைய நான் செய்யறேன்” என்றாள்.

தலைவர் நல்ல மனிதர். ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டாமல் பதில் சொல்லமாட்டார். துடைத்து மாட்டிவிட்டு, “வழக்கம் ஒண்ணு இருக்கேம்மா” என்றார்.

அந்த வழக்கத்துக்கு ‘வீட்டுச் சக்கரம்’ என்று பெயர். புதிதாகக் கடை கேட்கிறவருக்குச் சங்கத்திலிருந்து ஒரு சக்கரத்தைக் கொடுப்பார்கள். அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோய், மிஷின் இல்லாமல் கழற்றி, அடுத்த கூட்டத்தில் டயர் வேறாக, டியூப் வேறாக, ரிம் வேறாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும். டயர் அறுபடக் கூடாது, ரிம் வளையக் கூடாது. கழற்றிக் கொண்டுவந்தால் கடை. இல்லையென்றால் இல்லை. வீட்டில் அண்ணன் தம்பி ஒரு கை பிடித்தாலும் யாரும் கேட்டதில்லை.

“வழக்கப்படியே குடுங்க. எடுத்துட்டுப் போறேன்.”

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். “வீட்டுக்குக் குடுத்தா அவ வீட்டுக்காரன் கழட்டிக் குடுத்துருவான். அவன் படுத்துக்கிட்டே பாதி டயரக் கழட்டுற ஆளு.”

“அவர் கை படாது.”

“சொன்னாப் போதுமா?”

“யார் கையும் படாது. எங்க அக்கா கூடவே இருப்பா. பார்த்தத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பா. தையல்ல ஒரு நூல் கோணுனாலும் மொத்தத்தையும் பிரிச்சுத் தைக்கிறவ அவ. பொய் எழுத மாட்டா.”

“அக்கா எழுதுவா, தங்கச்சி கைநாட்டா? நல்ல குடும்பம்ப்பா!”

அறையே சிரித்தது. தலைவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்தார்.

அவர்கள் உருட்டிவந்தது ஒரு வேன் சக்கரம். சங்கக் கட்டடத்தின் பின்புறம் எத்தனை மழையில் கிடந்ததோ, ரிம்மும் டயரும் சேருமிடம் துருவேறி ஒரே பண்டமாக ஆகியிருந்தது. தங்கை அதைத் தெருவில் உருட்டிக்கொண்டே வந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

முற்றத்தில் சக்கரம் வந்து விழுந்ததும் மாப்பிள்ளை நாற்காலியைப் பின்வாசலுக்கு நகர்த்தச் சொன்னார். அவரால் எழுந்திருக்க முடியாத காலம் அது. சக்கரத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ரத்தம் ஓடியது. வாயைத் திறந்தார்.

“நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது” என்றாள் தங்கை.

“கைதானடி படக் கூடாதுன்னாங்க. வாயைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?”

“உங்களுக்கு வாயும் ஒரு கைதான். பேசுனீங்க, உள்ள தூக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சுருவேன்.”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவள் ஏதாவது செய்யும்போதெல்லாம் இருமுவார். அவளும், “இருமலும் பேச்சுதான்” என்பாள்.

முதலில் வால்வு ஊசியைக் கழற்றி, இருந்த கொஞ்சநஞ்சக் காற்றையும் வெளியேற்றினாள். அப்புறம் டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்க வேண்டும். டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பி வளையம் ஒன்று இருக்கிறது. அதுதான் ரிம்மைக் கவ்விப் பிடிப்பது. அந்தப் பிடி விடாமல், டயரை நெம்பும் இரும்பு லிவர் எதுவும் உள்ளே நுழையாது. தங்கை டயர்மேல் ஏறிக் குதிகாலால் மிதித்தாள், குதித்தாள். அது அசையவில்லை. துருவின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டேன். “டயர அரிச்சுரும் அக்கா. சோப்புத் தண்ணிதான்” என்றாள். ஊற்றினாள். அதற்கும் அசையவில்லை.

மறுநாள் காலையில் தொட்டித் தாங்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மோட்டாரைப் போட்டுத் தொட்டி வழிய வழிய நிரப்பினாள். சக்கரத்தைத் தாங்கியின் அடிச்சட்டத்துக்குக் கீழே உருட்டிப் படுக்கவைத்தாள். டயரின்மேல் ரிம்மை ஒட்டி ஒரு பலகைத் துண்டு, பலகைமேல் ஜாக்கி. ஜாக்கியின் தலை தாங்கியின் சட்டத்தில் முட்டியது. ஜாக்கி மேலே போகப் பார்த்தால் நிறைந்த தொட்டியைத் தூக்க வேண்டும், அது முடியாது. ஆகவே டயர்தான் கீழே இறங்க வேண்டும். இரும்பு முனகியது. எனக்கு உயிர் கையில் இல்லை. மாப்பிள்ளை இருமவில்லை, மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து நர்ஸம்மா குரல். “குளிக்கப் போறேன், குழாயத் திறக்கலாமில்ல?”

“திறக்காதீங்க! உங்க ஒரு குளியல்ல என் கடை போயிரும்!”

“ஒரு குளியல்ல போற கடையா? என்னம்மா கடை வச்சிருக்க நீ?”

சொல்லிக்கொண்டே அவர் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் குழாயை மறந்துவிட்டுத் துண்டும் கையுமாக அங்கேயே நின்றுவிட்டார். ஜாக்கி இன்னும் ஒரு சுற்று ஏறியதும், கொட்டாங்கச்சி உடைவதுபோல ஒரு சத்தம். டயர் விளிம்பு ரிம்மை விட்டு இறங்கியிருந்தது. தாங்கியின் இருட்டுக்குள்ளேயே சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் அப்படியே பிரித்தாள். அன்று எங்கள் இரண்டு குடும்பமும் மத்தியானத்துக்கு மேல்தான் குளித்தோம்.

பாதி வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. விளிம்பைப் பிரிப்பது ஒன்று, ரிம்மைத் தாண்டி வெளியே எடுப்பது வேறொன்று. கடையில் எப்போதும் செய்வதுபோலச் சக்கரத்தின் முகப்புப் பக்கம் மேலே இருக்கப் படுக்கவைத்தாள். இந்தப் பக்கத்து விளிம்பை முழங்காலால் அமுக்கி, எதிர்ப்பக்கத்தில் லிவரைச் செருகி நெம்பினாள். விளிம்பு ஒரு சாண் அகலம் மட்டும் மேலே வரும். இரண்டாவது லிவரைப் போட்டால் முதலாவது எகிறும். வெள்ளிக்கிழமை முழுக்க அதுதான். சனிக்கிழமையும் அதுவே. கம்பி நீளாது, ரிம் சுருங்காது. எங்கிருந்தோ கொஞ்சம் இடம் கிடைக்க வேண்டும், அது கிடைக்கவில்லை. மாப்பிள்ளை தன் தொடையைத் தானே குத்திக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சக்கரத்தின் மேல்முகம் மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் லிவர் நழுவியது. தூக்கிப் பிடித்திருந்த விளிம்பு திரும்பிப் பாய்ந்து, அவள் இடது பெருவிரலை ரிம்மோடு சேர்த்துக் கவ்விக்கொண்டது.

அவள் கத்தவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நான் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். டயரின்மேல் நான் ஒரு கால் வைத்து அழுத்தினால் போதும், விரல் வெளியே வந்துவிடும்.

“தொடாதே.”

“விரல் போயிருமடி!”

“தொட்டா கடை போயிரும். நீ பொய் எழுத மாட்டே. தள்ளி நில்லு.”

நின்றேன். என் ஆயுசில் நான் செய்த வேலைகளில் கடினமானது அந்தச் சும்மா நின்றதுதான். நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாப்பிள்ளை எழ முயன்று வாசற்படியில் முழங்காலில் விழுந்திருந்தார். “கடை போனாப் போகுது, விடுடி” என்று அழுதார்.

அவள் வலது கையை நீட்டி விழுந்த லிவரை எடுக்கப் பார்த்தாள். எட்டவில்லை. காலை நீட்டிக் கட்டைவிரலால் அதை இழுத்தாள். விளிம்புக்கடியில் செருகி, மறுமுனையில் குதிகாலை வைத்து, உடம்பின் மொத்த பாரத்தையும் அதன்மேல் இறக்கினாள். விரல் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

“கடை போனா நீங்க எங்க உக்காருவீங்க?” என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். “இந்த அறையிலயா? ஆறு மாசமா சுவத்தைப் பார்த்தே பேச்சு மறந்து போச்சு உங்களுக்கு. அந்தக் கடைவாசல்ல நாற்காலி போட்டு, போற வர்றவனையெல்லாம் நீங்க திட்டணும். அதுக்குத்தான் கடை.”

நானும் நர்ஸம்மாவும் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். நர்ஸம்மா விரலைக் கழுவித் தையல் போட்டுக் கட்டினார். “எலும்பு தப்பிச்சுது. நகம் போயிரும், நுனித்தோலு இருந்த மாதிரி இருக்காது. பத்து நாளைக்கு எதையும் தூக்கக் கூடாது.”

“செவ்வாய்க்கிழமை கூட்டம்.”

“நான் சொல்றது காதுல விழுதா?”

“விழுது நர்ஸம்மா. செவ்வாய்க்கிழமை கூட்டம்.”

ஞாயிற்றுக்கிழமை அவள் லிவரைத் தொடவில்லை. சக்கரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அது மட்டும் பொறுக்கவில்லை அவளுக்கு. வலது கையால் அதை நிமிர்த்தி, முதுகுப்புறம் மேலே வரும்படி சாய்த்து, குவளையில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். ஊற்றிய கை அப்படியே நின்றது. ரிம்மின் உள்புறச் சுவரை விரலால் தடவினாள். பிறகு சிரித்தாள். நான் பயந்துபோனேன்.

“அக்கா, இங்க வந்து பாரு. இதுக்கு வாயே முதுகுலதான் இருக்கு.”

அவள் காட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது. ரிம்மின் சுற்றுச்சுவர் ஒரே மட்டமாக இருக்காது. சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். டயரின் ஒருபக்க விளிம்பை அந்தப் பள்ளத்தில் இறக்கினால்தான் மறுபக்கம் மேலே வர இடம் கிடைக்கும். கடைக்கு வருகிற சக்கரங்களிலெல்லாம் அந்தப் பள்ளம் முகப்புப் பக்கமாக இருக்கும். இதில் முதுகுப்பக்கமாக இருந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் கதவில்லாத சுவரைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தெரிந்துதான் அந்தச் சக்கரத்தைக் கொடுத்தார்களா என்று அவள் யாரையும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

முதுகு மேலே இருக்கப் படுக்கவைத்தாள். சோப்புத் தண்ணீர் விட்டாள். முழங்கால் இரண்டையும் ஒருபக்கம் ஊன்றி விளிம்பைப் பள்ளத்தில் இறக்கினாள். இடது கையைத் தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டு, வலது கையாலும் காலாலும் லிவரை நெம்பினாள். விளிம்பு வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. டியூபை உருவினாள். மறுவிளிம்பையும் எடுத்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் மூன்றும் தனித்தனியாகத் தரையில் கிடந்தன.

மாப்பிள்ளை, “இப்பப் பேசலாமா?” என்று கேட்டார்.

“பேசுங்க.”

“தலைகீழ் ரிம்முடி அது! என் பக்கம் திருப்பிக் காட்டியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!”

“அதனாலதான் காட்டல.” சும்மா சொன்னாள். அவளுக்கே அதுவரை தெரியாது.

அன்று மாலை அவள் என் வெட்டுமேஜை பக்கத்தில் வந்து நின்றாள். “என் பேர எழுது” என்றாள். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் மேஜைமேல் எழுதினேன். மூன்றே எழுத்து. பெருவிரலில் கட்டு இருந்ததால், ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் சாக்குக்கட்டியைச் செருகிக்கொண்டு, இடது கையால் என் கோட்டின்மேலேயே போனாள். அழித்துவிட்டுத் தனியாக எழுதினாள். இரண்டு எழுத்து சட்டென்று வந்தது. மூன்றாவதன் வளைவு மட்டும் எழுதும்போதெல்லாம் வேறு பக்கம் ஓடியது. “இதுவும் திருப்பிப் போட்ட ரிம்மு மாதிரிதான்” என்று முணுமுணுத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை எனக்கு வெட்ட வேண்டிய துணி நிறைய இருந்தது. ஒன்றையும் வெட்டவில்லை, மேஜையை அவளிடம் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மூன்றையும் கூட்ட அறையில் வைத்தோம். தலைவர் ரிம்மின் விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர் டயரின் கம்பியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார், டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு நான் எழுதிக் கொடுத்ததைத் தலைவர் உரக்கப் படித்தார். அலங்காரமாக எழுத எனக்குத் தெரியாது. ‘சனிக்கிழமை லிவர் நழுவி அவள் விரல் மாட்டிக்கொண்டது. நான் உதவப் போனேன். தொடாதே என்றாள். நான் தொடவில்லை. அவளே எடுத்தாள்’ என்ற இடத்தில் அவர் நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் அவள் கைக்கட்டைப் பார்த்தார்.

“சுவர இடிக்கிற பேச்ச விட்டுரலாம் தலைவரே” என்றார். பிறகு அவளைப் பார்த்து, “ஆனா என் டயருங்க உன் கடை வாசல் வரைக்கும் கொஞ்சம் வரும். கண்டுக்காதே” என்றார்.

“வந்தா உருட்டி விட்டுருவேன்” என்றாள். அப்போதுதான் அறையில் சிரிப்பு வந்தது.

கடையை அவள் பெயருக்கு மாற்றும் தாளில் சங்க அலுவலகத்துப் பையன்கள் ஏற்கெனவே எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். தலைவர் மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். கைக்கட்டைப் பார்த்துவிட்டு, “வலது கை விரல வைம்மா, அது போதும்” என்றார்.

அவள் மைப்பெட்டியை மூடினாள். “பேனா குடுங்க.”

தலைவர் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை இடது கையில், இரண்டு விரலுக்கு நடுவில் செருகிக்கொண்டாள். அந்தக் கையை யாரும் தட்டிவிடவில்லை. குனிந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினாள். முதல் இரண்டு எழுத்தும் கோட்டின்மேல் உட்கார்ந்தன. மூன்றாவது கோட்டை விட்டு மேலே ஏறியது, ஆனால் வளைவு சரியான பக்கம் திரும்பியது. கட்டுத்துணியின் ஓரம் மையில் பட்டுக் கீழே ஒரு சின்னக் கறை விழுந்தது. அவள் நிமிரவில்லை, கறைக்குப் பக்கத்தில் தேதி போட வேண்டிய இடத்தைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். எண்களை நான்தான் எழுதினேன்: 2009 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை.